சிங்கப்பூரில் சட்டை தேய்த்தல்: டி. கல்லுப்பட்டி வீட்டாருக்கு ஒரு விளக்கம்

சிங்கப்பூரில் சட்டைச் சுருக்கம் நீங்க வழி இரண்டு: வீட்டிலேயே தேய்ப்பது, அல்லது கடையில் போடுவது. புதிதாக வந்திறங்கும் கல்லுப்பட்டிக்காரர் மூன்றாவதாகத் தெருமுனையில் ஒரு தேய்ப்பு வண்டியைத் தேடுவார். கிடையாது. “அங்கே யாருப்பா தேய்ச்சுத் தர்றா?” என்று அம்மா கேட்டதற்கு முதல் விடை இது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் பிராஸ் பாசா ஓடையில் துவைத்துக் காயப்போட்ட தோபி காட்டில், 1987 முதல் ரயில் நிலையம் இருக்கிறது. துணி மூட்டையோடு அங்கே இறங்கினால் வேறு தடத்து ரயில் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

வீட்டில் தேய்க்க நீராவி இஸ்திரிப் பெட்டி உண்டு. மின்சாரப் பெட்டிக்கு நியூயார்க்கின் ஹென்றி சீலி 1882-இல் காப்புரிமை பெற்றார். இப்போதைய பெட்டிக்குப் புத்தி கூடிவிட்டது. படுக்கவைத்து அசைக்காமல் விட்டால் 30 வினாடியில் தானாக அணையும். நிமிர்த்தி வைத்தால் 8 நிமிடம் பொறுக்கும். காலரை முடித்துவிட்டுக் கையை எப்படி மடிப்பது என்று யோசித்தால் போச்சு, ‘பீப்’. ஒரு ஆட்டு ஆட்டினால் மறுபடி உயிர் வரும். அம்மாவின் போன் 8 நிமிடத்தில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. யார் வீட்டுக் காதுகுத்து என்று தெரிவதற்குள் பெட்டி ஆறிவிடும். அதனால் ஒரு கையில் போன், மறுகையில் பெட்டி என்று வெறுங்காற்றைத் தேய்த்துக்கொண்டு நிற்பது வழக்கமாகிவிட்டது. ஊரில் தேய்ப்பவர் பஸ் ஸ்டாண்டுக் கதை முழுவதும் பேசி முடித்தாலும் கொட்டாங்கச்சிக் கரி கனன்றுகொண்டே இருக்கும். அது பேச்சின் அருமை தெரிந்த பெட்டி.

கதர் தனித் தலைவலி. நம் கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமம் 1940 முதல் இருக்கிற ஊர், காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா கடைசிக் காலத்தில் தங்கிய ஊர் என்று ஆபீசில் பீற்றிக்கொள்ளக் கதர் சட்டை வேண்டும். பருத்தி இழை சூட்டிலும் ஈரத்திலும் இளகி, ஆறும்போது அப்படியே படிந்து நிற்கும். அதற்கு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூடு தேவை. சட்டை லேபிளில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் மூன்று புள்ளி இருந்தால் அதுதான் பொருள். ஒற்றைப் புள்ளி நைலான் வகையறாவுக்கு. கஞ்சி போடவும் வழியில்லை. ரைஸ் குக்கர் கஞ்சி வடிப்பதில்லை.

கடையில் போட்டால் நேரம் மிச்சம், காசு போகும். ஒரு சட்டைக்குக் கேட்கும் கூலியில் ஊரில் ஒரு வாரத் துணியைத் தேய்த்துவிடலாம். ஊரில் சேராங்கொட்டையால் போட்ட குறி, சட்டை நைந்தாலும் அழியாது. இங்கே குத்துவது காகிதச் சீட்டு. ஒரு முறை சீட்டு மாறி வேறொருவர் சட்டை வந்தது. தேய்ப்பு வெகு கச்சிதம். சட்டைக்காரருக்குத்தான் தொப்பை கிடையாது போலும், பொத்தான் எட்டவில்லை.

கூட்டிக் கழித்தால் வீட்டில் தேய்ப்பதே லாபம். பொங்கலுக்குத் துணி எடுத்தனுப்புவோர் டெரிகாட்டனாகப் பார்த்து எடுக்கவும். கதர் பீரோவிலேயே இருக்கட்டும். லீவுக்கு வரும்போது அங்கேயே தேய்க்கப் போட்டுக்கொள்ளலாம்.