சுழற்றியடிக்கும் கேள்விகள்

டொர்னாடோ வந்தால் அமெரிக்கர்கள் குளியல் தொட்டிக்குள் ஓடுகிறார்களாமே, அந்த நேரத்தில் குளியல் ஒரு கேடா?

குளிக்க அல்ல, பிழைக்க! நிலவறை இல்லாத வீட்டில் ஜன்னல் இல்லாத உள்ளறைதான் கதி. பல வீடுகளில் அது குளியலறை. மேலே மெத்தை, தலையில் ஹெல்மெட்.

ஜன்னல்களைத் திறந்துவைத்தால் காற்று வெளியேறி வீடு தப்புமா?

காற்று உள்ளே வரும், கூரை வெளியேறும். திறக்கப் போகிற நேரத்தில் பதுங்கப் போங்கள்.

ஒரே ஊருக்கு இரண்டாம் முறை வராதாமே?

கான்சாஸ் மாநிலத்தின் கோடெல் ஊரில் போய் இதைச் சொல்லிவிடாதீர்கள். 1916, 1917, 1918 மூன்று ஆண்டும் மே 20 அன்றே வந்தது. திவசம்கூடத் திதி பார்த்துத் தேதி மாறும்!

வானிலைக்காரர்கள் முன்கூட்டியே சொன்னால் என்னவாம்?

சொல்லத் தடை இருந்ததே! மக்கள் பீதியடைவார்கள் என்று 1880-களில் ‘டொர்னாடோ’ என்ற சொல்லையே வானிலை அறிக்கையிலிருந்து விலக்கி வைத்தார்கள். டொர்னாடோவுக்கு அது தெரியவில்லை. 1948 மார்ச் 25 அன்று ஒக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில் இரண்டு அதிகாரிகள் துணிந்து முன்னறிவித்தார்கள். அன்று மாலையே வந்தது. ஐந்து நாள் முன்புதான் அதே தளத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் தாக்கியிருந்தது. இன்றும் எச்சரிக்கைக்குப் பின் கிடைப்பது பெரும்பாலும் சில நிமிடங்களே.

டொர்னாடோவிலும் அமெரிக்காதான் நம்பர் ஒன்னா?

எண்ணிக்கையில் ஆமாம். உயிர்ப்பலியில் வங்கதேசம். 1989 ஏப்ரல் 26 அன்று மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் ஒரே டொர்னாடோவில் இறந்தவர்கள் சுமார் 1,300 பேர். அங்கே பதுங்க நிலவறை இல்லை; பலருக்குச் செங்கல் சுவரே இல்லை.