தோய்ப்பியல்: ஒரு முன்னாய்வு

விருந்து மேசையின் நடுவே கிண்ணத்தில் அமர்ந்திருக்கும் டிப்பை அறிஞர் உலகம் உரிய மரியாதையோடு நடத்தியதில்லை. சிப்ஸைத் தோய்த்து வாயில் போட மூன்று நொடி போதும். இதில் ஆராய என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள் போலும். இக்கட்டுரை அந்த அநீதியைக் களைய முற்படுகிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி அமெரிக்காவின் வெங்காய டிப். லிப்டன் நிறுவனம் 1952-ல் உலர் வெங்காய சூப் பொடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1954-ல் லாஸ் ஏஞ்சலஸில் யாரோ ஒருவர், வெந்நீர் வைக்கச் சோம்பல்பட்டோ என்னவோ, அதைச் சவர் கிரீம் எனும் புளித்த பாலேட்டில் கொட்டிக் கலக்கிவிட்டார். பெயர் தெரியாத அந்தப் பேராசானின் கலவை ‘கலிஃபோர்னியா டிப்’ என்று ஊரெங்கும் பரவியது. 1958-ல் லிப்டனே செய்முறையைப் பாக்கெட்டில் அச்சிட்டது. சூப் விற்கப் போனவர்கள் டிப்புக்குச் சமையல் குறிப்பு எழுதும்படி ஆயிற்று.

செய்முறையைச் சொல்ல ஒரு வரி போதும்: ஒரு பாக்கெட் பொடி, இரண்டு கப் சவர் கிரீம், காரம் வேண்டுவோர்க்கு அரை டீஸ்பூன் மிளகாய்த்தூளும் ஒரு சிட்டிகை வறுத்த சீரகப்பொடியும்.

கலக்குவது எளிது, காத்திருப்பதுதான் கடினம். உலர்ந்த வெங்காயத் துணுக்குகள் கிரீமின் ஈரத்தை உறிஞ்சி மெத்தென்றாக ஒரு மணி நேரமாவது குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். அமெரிக்க விதிப்படி சவர் கிரீமில் குறைந்தது 18 சதவீதம் பால்கொழுப்பு உண்டு. ஆகவே காரம் அதில் மெல்ல இறங்கிப் பரவுகிறது. கலக்கிய கையோடு நக்கிப் பார்த்து, “உறைக்கவே இல்லையே” என்று இன்னொரு கரண்டி தூளைப் போடுபவர்களால்தான் விருந்தாளிகள் பின்னால் தண்ணீர் தேடி அலைகிறார்கள்.

இனி இத்துறையின் மாபெரும் சர்ச்சை: கடித்த சிப்ஸை மறுபடி தோய்க்கலாமா? 1993-ல் ‘சைன்ஃபெல்ட்’ தொலைக்காட்சித் தொடரில், இறுதிச் சடங்குக்குப் பிந்தைய விருந்தில், ஜார்ஜ் என்ற பாத்திரம் இதைச் செய்து மாட்டிக்கொண்டது. அதன் தூண்டுதலால் தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் பால் டாசன் என்ற உணவியல் பேராசிரியர் மாணவர்களோடு சேர்ந்து மெய்யாகவே சோதித்துப் பார்த்தார் (போலி ஆய்வாளர்களை வெட்கப்பட வைக்கும் மெய்யாய்வு). மூன்று முதல் ஆறு மறுதோய்ப்புகளில் சுமார் 10,000 பாக்டீரியாக்கள் கிண்ணத்துக்குக் குடிபெயர்ந்தன. நீர்த்த தக்காளி சால்சாவில் அதிகம். கெட்டியான சீஸ் டிப்பில் குறைவு. நீர்த்தது கடித்த விளிம்பைத் தொட்டுவிட்டுக் கிண்ணத்துக்கே வழிந்துவிடுகிறது. கெட்டியானது ஒட்டிக்கொண்டு வாய்க்குப் போகிறது. டிப் கெட்டியாக இருக்க வேண்டும் என்பதற்குச் சுவையைத் தவிர இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது.

பால் சேர்ந்த பண்டத்தை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. அதனால் ஒரே அண்டாவை நடுவில் வைப்பதைவிடச் சின்னக் கிண்ணங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைப்பதே நல்லது. அவற்றுள் ஒன்றை, உறவினரில் யார் மறுதோய்ப்புக்காரர் என்று தெரியுமோ அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், ‘உங்களுக்கென்றே செய்தது’ என்று சொல்லி வைத்துவிடலாம்.