முன் இடை பின்: ஒரு குளிர்ப்பான் பற்றிய ஆராய்ச்சி

டர்போ பூட்டிய ஸ்போர்ட்ஸ் காரின் பம்பர் ஓட்டை வழியே வெள்ளிச் சீப்பு மாதிரி ஒன்று பல்லைக் காட்டும். அதற்கு ஃப்ரன்ட் மவுன்ட் இன்டர்கூலர் என்று பெயர். அந்தப் பெயரே வழு என்பது நம் முதல் துணிபு. 'இன்டர்' என்றால் இடை. எதற்கும் எதற்கும் இடை? பல கட்டமாகக் காற்றை அழுத்தும் கம்பிரஸர்களில், ஒரு கட்டத்துக்கும் மறு கட்டத்துக்கும் நடுவே நின்று சூட்டை ஆற்றியது இது. அங்கே பெயர் பொருந்திற்று. காரிலோ பெரும்பாலும் அழுத்துவது ஒரே கட்டம். அது முடிந்த பிறகே இது தலைகாட்டுகிறது. ஆக, நிற்பது முன், பெயர் இடை, செய்வது பின்வேலை. மூன்று பதவியையும் ஒருவரே வைத்திருப்பது அரசியலில் உண்டு, இலக்கணத்தில் இல்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 1999 முதல் 2002 வரை ஜப்பானில் விற்ற நிசான் சில்வியா எஸ்15. அதில் டர்போ உள்ள 'ஸ்பெக் ஆர்' 1998 சிசி, 250 குதிரைத்திறன். கம்பெனிக்காரர் இன்டர்கூலரை வலது முன் மூலையில், சக்கரத்துக்கு முன்னால் ஒளித்து வைத்தார். அந்த அடக்கம் சில்வியாக்காரர்களுக்கு ஒப்பவில்லை. அவர்கள் சார்பில் ஒரு நூற்பா:

மூலையில் நின்றது போதா தாகலின்
மூக்கில் நிறுத்தல் முறையென மொழிப.

(இயற்றியவன் அடியேன். 'மொழிப' என்பது பழமை தட்டுவதற்காகச் சேர்த்தது.)

இதன் பொருள்: சைக்கிளுக்குக் காற்றடித்தவருக்கு பம்பின் அடிப்பக்கம் சுடும் என்பது தெரியும். டர்போவும் அதே பம்புதான்; சூடான காற்று நெகிழ்ந்த காற்று, சிலிண்டருக்குள் குறைவாகவே போகும், 'நாக்கிங்' தட்டிப் பிஸ்டனையும் தின்னும். ஆகவே டீ மாஸ்டர் ஆற்றுவது போல ஆற்ற வேண்டும். எதிர்க்காற்று நேராக முட்டும் இடம் மூக்கு, ஆகவே மூக்கு.

அற்றேல், ரேடியேட்டருக்கு முன்னால் திரை கட்டினால் எஞ்சின் சூடேறாதோ எனின், ஏறும் என்க.

இனி, பொருத்தும் சடங்கு. பம்பர் கழலும். உள்ளே மோதலைத் தாங்கும் சட்டம் குறுக்கே நிற்கும். மோதல் என்றோ வருவது, இன்டர்கூலர் இன்றே வந்துவிட்டது என்ற தர்க்கத்தின்படி அதை அறுப்பார்கள். (இந்த இடத்தில் கட்டுரையாளன் கண்ணை மூடிக்கொண்டான்.) ஹாரன் இடம்பெயரும். அளவெடுத்துச் செய்வதால் அலுமினியக் குழாயைத் துண்டு துண்டாக வெட்டி, அட்டையில் மாதிரி பார்த்து, டிக் வெல்டிங்கில் ஒட்டுவார்கள். குழாய் முனையில் சின்ன மேடு எழுப்பாவிட்டால், பூஸ்ட் (டர்போ கூட்டும் அழுத்தம்) ஏறியதும் சிலிகோன் ஹோஸ் 'டப்'பென்று கழன்றுகொள்ளும். எஞ்சினோ உள்ளே வந்த காற்றை டர்போவுக்கு முன்பே அளந்து பெட்ரோலுக்குக் கணக்குச் சொல்லிவிட்டது. காற்று வழியில் ஓடிப்போனது அதற்குத் தெரியாது. கறுப்புப் புகை, இருமல், மௌனம். ஹோஸ் நழுவாதிருக்கத் தலைமுடி ஸ்ப்ரேயை உள்ளே அடித்து மாட்டும் மரபும் உண்டு. அழகு சாதனத்துக்கு எஞ்சினில் கிடைத்த ஒரே மரியாதை அதுதான். கடைசியில் குழாய் வாயை அடைத்து, கம்பிரஸரால் காற்றேற்றி, மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி தேடுவார்கள். டியூபைத் தண்ணீரில் அமுக்கிய நம்மூர் பஞ்சர் கடைக்காரர் இந்த விஞ்ஞானத்தின் மூதாதை.

இப்போது கணக்கு. வெளியே 30 டிகிரி. டர்போ காற்றழுத்தியின் திறன் நூற்றுக்கு 70 என்று கொள்வோம். 0.7 பார் பூஸ்டில் காற்று 101 டிகிரிக்கு ஏறும். மூலைவாசி ஏறிய சூட்டில் பாதியைக் கழித்தால் எஞ்சினுக்குப் போவது 65 சொச்சம். மூக்குவாசி நூற்றுக்கு 70 கழிக்கும் என்றால் 51. நல்ல லாபம். ஆனால் அந்த லாபத்தோடு வீட்டுக்குப் போன மனிதன் உண்டா? "இவ்வளவு செய்துவிட்டு பூஸ்ட் ஏற்றாமல் இருப்பதா?" என்று 1.2 பார் வைப்பான். டர்போ வாயில் காற்று 140 டிகிரி. புதியது ஆற்றித் தருவது 63.

வெட்டு, ஒட்டு, ஸ்ப்ரே, சோப்பு எல்லாம் சேர்ந்து ஈட்டியது இரண்டரை டிகிரி.

பழையதை வைத்தே 1.2 ஏற்றியிருந்தால் 85 ஆகியிருக்குமே என்று மறுப்பார் உளர். அவர் சொல்வது சரி. காற்றும் கூடுதலாகப் போகிறது, காரும் பாய்கிறது. ஆனால் குளிர்ச்சிக்காகவே செய்தேன் என்பவன், சம்பளம் கூடியதும் அதே அளவு கடனையும் கூட்டிக்கொண்டு சிக்கனம் பேசுகிறவனின் தம்பி.

அப்படியானால் உண்மை நோக்கம் எது? பளபளப்பு என்று முடிவு கட்டியிருந்தேன். போலீஸ் கண்ணில் படாதிருக்க இன்டர்கூலருக்குக் கறுப்படிக்கும் ஒரு கிளைச் சமயம் இருப்பது தெரிந்ததும் அந்த முடிவு ஆட்டம் கண்டுவிட்டது. மூக்கில் வைத்துவிட்டு மறைப்பது என்ன தத்துவமோ.

பொருத்த எண்ணியிருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பம்பரைக் கழற்றுவதற்கு முன்பே ஹாரனுக்கு ஓர் இடம் பார்த்து வையுங்கள்.