முப்பதுக்கு எத்தனை?

ஜகாட் சர்வே நிர்வாகத்தார் அவர்களுக்கு,
(ஜேபி மோர்கன் சேஸ் வங்கியின் மேற்பார்வையில்)
நியூயார்க்.

ஐயா, அம்மா,

முகவரி எழுதவே சற்றுத் திண்டாடிவிட்டேன். நீங்கள் அடிக்கடி வீடு மாறுகிறவர்கள். டிம் ஜகாட், நீனா ஜகாட் என்ற வக்கீல் தம்பதி 1979-இல் நண்பர்களிடம் தாளை நீட்டி, எந்த ஓட்டல் எப்படி என்று கேட்டு, விழுந்த ஓட்டுகளைப் புத்தகமாகப் போட்டதில் பிறந்தீர்கள். 2011-இல் கூகுள் 15 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்துத் தத்தெடுத்தது. 2018-இல் இன்ஃபாச்சுவேஷன் என்ற நிறுவனத்துக்குக் கைமாறினீர்கள். 2021-இல் அந்த நிறுவனத்தையே வங்கி வாங்கிவிட்டது. இப்போது லாக்கர் அறைக்குப் பக்கத்தில் ஜாகை என்று நினைக்கிறேன். பத்திரமான இடம்தான்.

உங்கள் பெருமை தெரிய வேண்டுமானால் நியூயார்க் டைம்ஸ் விமர்சகர்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். ஒரே ஓட்டலுக்குப் பல தடவை போவார்கள், வேறு பெயரில் மேஜை பிடிப்பார்கள். ரூத் ரைஷல் அம்மையார் விக் வைத்துக்கொண்டே போனார். யாரோ ஒரு பெண்மணியாகப் போனபோது கிடைத்த அலட்சியம், இன்னார் என்று தெரிந்ததும் நடந்த ராஜ உபசாரம், இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, 1993-இல் லெ சிர்க் என்ற பெரிய ஓட்டலின் நான்கு நட்சத்திரத்தில் ஒன்றைப் பிடுங்கினார். எவ்வளவு வீண் செலவு! நீங்கள் விக்கை ஒழித்தீர்கள். பில்லையும் ஒழித்தீர்கள். ஓட்டுப் போடுகிறவர் அங்கே கை நனைத்தாரா என்று கேட்கும் அநாகரிகம் உங்களிடம் இல்லை.

ஓட்டுப் போட்டவருக்குப் புத்தகத்தில் ஒரு பிரதி இலவசமாகக் கொடுத்தீர்கள். அந்த மெரூன் நிறப் புத்தகத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அவர் எங்கே சாப்பிடப் போவார்? அதில் மேலே இருக்கும் ஓட்டலுக்கு. அடுத்த வருஷம் எதற்கு ஓட்டுப் போடுவார்? கேட்கவும் வேண்டுமா!

கணக்குக்கு வருகிறேன். உணவு, அலங்காரம், உபசாரம் ஒவ்வொன்றுக்கும் ஓட்டாளர் அந்நாளில் 0 முதல் 3 வரை போடுவார். சராசரியைப் பத்தால் பெருக்கினால் முப்பதுக்கு மார்க். 2.6 என்றால் 26, 2.7 என்றால் 27. பத்துப் பேரில் ஒருவர் அன்றைக்கு மனைவியோடு சண்டை போடாமல் வந்து ஒரு மார்க் கூடப் போட்டால் போதும், ஓட்டல் ஒரு படி ஏறிவிடும். மூன்று மார்க் கேள்வியைப் பத்தால் பெருக்கிவிட்டுப் பையன் பத்து மடங்கு படித்துவிட்டான் என்று எந்த வாத்தியாரும் நம்ப மாட்டார். ஆனால் 26-ஐத் தாண்டி 27-க்கு டாக்ஸி பிடிக்கிறவர்கள் நம்பினார்கள்.

இதைவிட அதிசயம் ஒன்று உண்டு. நூறு பேரும் சுமார் என்று 2 போட்டால் 20. ஐம்பது பேர் தட்டை வழித்துவிட்டு 3 போட்டு, ஐம்பது பேர் முகத்தைச் சுளித்து 1 போட்டாலும் அதே 20. முதலாவது, யாரும் குறை சொல்லாத, யாரும் மறுசோறு கேட்காத இடம். இரண்டாவதில் என்னவோ இருக்கிறது. காரமோ, நெடியோ, சமையல்காரரின் திமிரோ. நான் தேடுவது இரண்டாவதைத்தான். உங்கள் புத்தகத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். லெக்சிங்டன் அவென்யூவில் 28-ஆம் தெருவை ஒட்டித் தோசை போடும் ஓட்டல்கள் உண்டு. அங்கே புளித்த மாவின் அருமை தெரிந்தவருக்கும் ஒரு ஓட்டு, மாவு கெட்டுப்போச்சோ என்று மோந்து பார்ப்பவருக்கும் ஒரு ஓட்டு. ஜனநாயகம் என்றால் அப்படித்தான். ஆனால் தேர்தலில் ஜெயித்தவரை யாரும் சாப்பிட வேண்டியதில்லை.

புரூக்ளினில் பீட்டர் லூகர் என்று 1887-இலிருந்து ஒரு ஸ்டேக் கடை. உங்கள் ஓட்டாளர்கள் வருஷா வருஷம் அதையே நியூயார்க்கின் முதல் ஸ்டேக் கடையாக உட்கார வைத்தார்கள். 2019 அக்டோபரில் டைம்ஸ் விமர்சகர் பீட் வெல்ஸ் அதே கடைக்கு ஒரு நட்சத்திரம்கூடத் தரவில்லை. இதில் யாரும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. லூகருக்குப் போகிறவர் அது பிடித்துப்போய்ப் போகிறவர். அப்பா கூட்டிப் போனார், இவர் பிள்ளையைக் கூட்டிப் போகிறார். பிடிக்காதவர் ஒரு தடவையோடு கும்பிடு போட்டுவிட்டார், உங்கள் தாளில் அந்தக் கடைப் பெயரைத் தாண்டிப் போய்விடுகிறார். இறைச்சியைவிட விசுவாசத்துக்குத்தான் அங்கே அதிக மார்க்.

கண்ணை மூடிக்கொண்டு உங்களை நம்பும் இடமும் எனக்கு உண்டு. நான்காவது கட்டத்தில், ஒரு ஆளுக்கு ராத்திரிச் சாப்பாடு, ஒரு கிளாஸ் மது, டிப்ஸ் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று போடுவீர்களே, அது. காசு விஷயத்தில் ஊர் கூடி ஏமாறாது. 14, 15 என்று தள்ளாடும் ஓட்டல் பக்கமும் தலைவைத்துப் படுக்க மாட்டேன். மார்க்குக்குக் கீழே ஓட்டாளர்கள் சொன்னதை மேற்கோள் குறிகளுக்குள் வைத்துத் தைத்த பத்தி இருக்கிறதே, அதற்கு நான் அடிமை. உங்கள் பாணியில் நானே ஒன்று எழுதிப் பார்த்தேன்: தட்டில் “மலையைக் கவிழ்த்தது போல” சாப்பாடு, ஆனால் பரிமாறுகிறவர் “மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை”, “காதைக் கழற்றி வைத்துவிட்டு” உள்ளே போகவும், பில் வரும்போது “நாற்காலியைப் பிடித்துக்கொள்ளவும்”. இதைப் படித்தால் போவதா வேண்டாமா என்று எனக்குத் தெரிந்துவிடும். 24 என்பதைப் படித்தால் 23-ஐவிட ஒன்று அதிகம் என்று மட்டும் தெரியும். அந்த முப்பதையும் 2016-இல் கைவிட்டு, எல்லோரையும் போல ஐந்து நட்சத்திரத்துக்கு இறங்கினீர்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். வங்கிக் குடும்பத்தில் வாக்கப்பட்டிருக்கிறீர்கள், எனக்கோ கொஞ்சம் கடன் தேவை. உங்கள் முறைப்படியே நண்பர்களிடமும் உறவுக்காரர்களிடமும் சர்வே எடுத்துவிட்டேன். நாணயம் 27, முகராசி 22, தவணை ஒழுங்கு 28. முன்பு எனக்குக் கடன் கொடுத்தவர்கள் மட்டும் ஓட்டுப் போட வரவில்லை. அவர்கள்தான் பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட்டார்களே. மேலாளர் சம்பளச் சீட்டு, கிரெடிட் ஸ்கோர் என்று பழைய பஞ்சாங்கம் பேசினால் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தால் உத்தமம். லூகர், கிரெடிட் கார்டு வாங்காததற்கே பேர்போன கடை.

இப்படிக்கு,
லூகருக்கு இன்னும் போகாத,
ஆனால் 3 போட்டுவிட்ட ஓட்டாளன்