விமான இருக்கைத் தேர்வு: பரபக்கமும் சுபக்கமும்

விமானத்தில் எந்த இருக்கை உத்தமம் என்பதற்குத் தமிழில் சூத்திரமும் இல்லை, உரையும் இல்லை. வெப் செக்-இன் திறந்ததும் கைபேசியில் விரியும் கட்டங்களில் கண்ணில் பட்ட ஒன்றைத் தட்டிவிட்டு, அதையே தேர்வு என்று சொல்லிக்கொள்கிறார்கள். இந்தப் பெருங்குறையைப் போக்கவே இவ்வாய்வு. முறைமைக்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. சிவஞான சித்தியார் பிற மதங்களைப் பரபக்கத்தில் வரிசையாக நிறுத்தி மறுத்துவிட்டு, சுபக்கத்தில் தன் கொள்கையை நிறுவுகிறது. இவ்வாய்வும் அவ்வழியே செல்லும். அருணந்தி சிவாச்சாரியார் பொறுத்தருள்வாராக.

இருக்கை மதங்கள் மூன்று: சன்னலார், நடைவழியார், முன்வரிசையார். நடு இருக்கையை மதமாகக் கொள்ள முடியாது. அதை யாரும் விரும்பித் தழுவுவதில்லை. முன்வினைப் பயனாக வந்து வாய்ப்பது அது. ஏர்பஸ் ஏ320-இல் பக்கத்துக்கு மூன்றாக 180 இருக்கைகள் என்றால் அவற்றில் 60 நடு. ஏறுகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கைப்பிடி இரண்டிருந்தும் இல்லாத நிலை. அரசு இவர்களை நினைத்துப் பார்த்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. கொரோனா காலத்தில், 2020 ஜூனில், முடிந்தவரை நடு இருக்கையைக் காலியாக விடச் சொன்னது விமானப் போக்குவரத்து இயக்குநரகம். விட முடியாவிட்டால், அங்கே உட்காருபவருக்கு முகக்கவசமும் முகத்தடுப்பும் போதாதென்று, ஜவுளித்துறை வகுத்த தரத்தில் உடம்பைச் சுற்றிக்கொள்ள ஓர் அங்கியும் தர வேண்டும். சன்னலாருக்கோ நடைவழியாருக்கோ இப்படி அங்கி போர்த்தும் மரியாதை கிடைக்கவில்லை.

இனி பரபக்கம்.

காசு கொடுத்துப் பறக்கிறோம், கீழே பார்க்காவிட்டால் என்ன பறப்பு என்பது சன்னலார் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சன்னலுக்குச் சன்னல் இடைவெளியை முடிவு செய்வது விமானத்தின் எலும்புக்கூடு. வரிசைக்கு வரிசை இடைவெளியை முடிவு செய்வது நிறுவனத்தின் கல்லாப்பெட்டி. இரண்டும் ஒன்றை ஒன்று கலந்தாலோசிப்பதில்லை. போயிங் 737-800-இல் இடப்பக்கம் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஒரு வரிசையில் சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர்தான் இருக்கும். அடிவயிற்றிலிருந்து குளிர்காற்றைக் கூரைக்குக் கொண்டுபோகும் குழாய் அதற்குள் ஏறுகிறது. அந்தச் சுவரை மூன்று மணி நேரம் தரிசித்தவர்கள் பொறுமையிழந்து, 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் இரண்டு பெரிய நிறுவனங்கள் மீது வழக்கே போட்டுவிட்டார்கள். சன்னலுக்கென்று கூடுதலாகக் காசு வாங்கிவிட்டுச் சுவரைக் காட்டினார்கள் என்பது புகார்.

சன்னல் இருந்தாலும் வெயில் இருக்கிறது. மதுரை பஸ்ஸில் ஏறும்போது எந்தப் பக்கம் வெயில் அடிக்காது என்று கணக்குப் போட்டு உட்காரும் அதே மனிதர், விமானம் என்றதும் அந்த அறிவையெல்லாம் பாதுகாப்புச் சோதனையில் தட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார். சென்னையிலிருந்து டெல்லி ஏறக்குறைய நேர் வடக்கு. காலை விமானத்தில் வலப்பக்கச் சன்னலான எஃப் இருக்கைகளை வெயில் வாட்டி எடுக்கும். மாலையில் அந்தத் தண்டனை இடப்பக்க ஏ இருக்கைகளுக்கு. திரையை இழுத்து மூடிக்கொள்ளலாம் என்றால், ஏறும்போதும் இறங்கும்போதும் திறக்கச் சொல்லிப் பணிப்பெண் வந்து நிற்பார்.

நடைவழியார் வேண்டுவது எழுந்துபோகும் சுதந்திரம் ஒன்றே. சர்க்கரை நோயாளிகளும் பெரியவர்களும் இம்மதத்தின் நியாயமான அடியார்கள். அவர்களோடு வாதிடுவது அழகல்ல. மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியது: தள்ளுவண்டி முழங்கையில் இடிக்கும், முதுகுப்பையோடு நடப்பவர் திரும்பும்போது பை மூக்கில் உரசும், உள்ளே இருப்பவரின் சுதந்திரத்துக்கும் சேர்த்து நீங்களே எழுந்து நிற்க வேண்டும். இவ்வளவே மறுப்பு.

முன்வரிசையார் கொஞ்சம் விரிவாக மறுக்கத் தக்கவர்கள். முன்னால் உட்கார்ந்தால் முதலில் இறங்கலாம் என்பது இவர்கள் வேதம். அதற்காகக் கூடுதல் கட்டணமும் கட்டுகிறார்கள். 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' இதழ் 2007-இல் அமெரிக்காவின் பழைய விபத்துகளை எடுத்து அலசியது. வால் பக்கம் இருந்தவர்களில் பிழைத்தவர்கள் 69 சதவீதம், முன்பக்கம் 49 சதவீதம். விபத்துக்கு விபத்து கதை மாறும் என்பதால் இதை வேதவாக்காகக் கொள்ளத் தேவையில்லை. ஆனாலும் மனித இனம் 69-ஐச் சும்மா கொடுத்தாலும் தள்ளிவிட்டு 49-க்குப் பணம் கட்டுவதை ஆய்வு பதிவுசெய்தே ஆக வேண்டும். பெட்டி வரும் பெல்ட் அருகே பத்து நிமிடம் முன்னதாகப் போய் நின்று, பின்வரிசைக்காரரோடு சேர்ந்தே பெட்டிக்குக் காத்திருப்பதற்கு இந்த விலை.

அந்தப் பத்து நிமிடமும் கிடைக்காத விமானம் ஒன்று உண்டு. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகும் ஏடிஆர் 72-இல், விமானி அறைக்கும் பயணிகளுக்கும் நடுவே சரக்கு அறை இருக்கிறது. பயணிகள் ஏறி இறங்கும் கதவு வால் பக்கம். முதல் வரிசைக்காரர் பின்னால் ஏறி, விமானத்தின் முழு நீளத்தையும் நடந்து கடந்து, தன் இருக்கையை அடைகிறார். தூத்துக்குடி விமான நிலையமான வாகைக்குளத்தில் இறங்கும்போது தலைக்கு மேல் உள்ள பெட்டகத்திலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டி, கழுத்தை வளைத்தபடி நிற்கிறார். அவருக்கு முன்னால் மொத்த விமானமும் நிற்கிறது. கடைசி வரிசை ஆச்சி அதற்குள் தரையிறங்கி, "நான் வந்துட்டேன்டா, வண்டிய எடுத்துட்டு வா" என்று மகனுக்குப் போன் போட்டு முடித்திருப்பார். ப்ரொப்பெல்லர்கள் முன்பாதியை ஒட்டிச் சுழல்வதால் இரைச்சலின் பெரும்பங்கும் முன்னால் இருப்பவருக்கே.

பரபக்கம் முற்றிற்று. சுபக்கம் சுருக்கமானது.

இருக்கைக்கு என்று தனிக் குணம் கிடையாது. எந்த விமானம், எந்தத் திசை, எந்த நேரம் என்ற மூன்றும் சேர்ந்தே அதற்குக் குணத்தைத் தருகின்றன. கட்டங்களைத் தொடுமுன் முன்பதிவுப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும் விமான வகையைப் படிப்பதே முதல் கடமை. ஏடிஆர் என்று கண்டால் பின்பாதிச் சன்னல். நடு இருக்கை என்ற வர்க்கமே அதில் இல்லை, பக்கத்துக்கு இரண்டுதான். இறக்கை தலைக்கு மேலே போய்விடுவதால் கீழே பார்க்க மறைப்பு குறைவு. தெற்கே போகையில் கடல் இருப்பது இடது கைப்பக்கம். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் அமர்ந்தால், அடிவயிற்றிலிருந்து சக்கரங்கள் கால் நீட்டி இறங்குவதையும், அவை தரையில் உரசும் நொடியில் மெல்லிய புகை எழுவதையும் காணலாம். இந்தக் காட்சிக்கு யாரும் இன்னும் கட்டணம் வைக்காதது ஆச்சரியம்தான்.

ஏ320 என்றால் இறக்கைமேல் உள்ள அவசரவழி வரிசைகள் இரண்டில் பின்னது. முன்னதன் முதுகு சாயாது; அதற்குப் பின்னாலும் வழி விட வேண்டுமே. குலுக்கலும் இறக்கைப் பகுதியில் குறைவு. கால் நீட்ட இடம் என்பது எல்லாரும் சொல்லும் காரணம். எவரும் சொல்லாத காரணம் ஒன்றுண்டு. உலகில் இதுவரை வகுக்கப்பட்ட இருக்கைச் சூத்திரங்கள் அனைத்தையும் ஒரே வாக்கியம் தகர்த்துவிடும்: "தம்பி, நாங்க குடும்பமா வந்திருக்கோம், நீங்க 24இ-க்கு மாறிக்கிறீங்களா?" 24இ எப்போதும் நடு. பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் இயக்குநரகம் உத்தரவிட்ட பிறகும் இந்த வாக்கியம் ஓயவில்லை. மாமியார், மைத்துனர், கல்லூரி போகும் மகள் ஆகியோரை அந்த உத்தரவு கணக்கில் எடுக்கவில்லை. அவசரவழி வரிசையிலோ குழந்தைக்கு இடமில்லை, கர்ப்பிணிக்கு இடமில்லை, தள்ளாதவருக்கு இடமில்லை. ஆகவே குடும்பம் அங்கே படையெடுக்க முடியாது.

அங்கே அமர்பவரிடம் பணிப்பெண் கதவைத் திறக்கும் முறையை விளக்கி, ஆபத்து நேரத்தில் உதவுவீர்களா என்று கேட்பார். பலர் கைபேசியிலிருந்து தலையெடுக்காமலே தலையாட்டுவார்கள். 2022 டிசம்பர் 10 அன்று, சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பவிருந்த ஏடிஆரில் ஆபத்து எதுவும் வராமலே ஒரு பயணி அவசர வழியைத் திறந்துவிட்டார். விமானம் தரையில்தான் இருந்தது. அழுத்தச் சோதனையெல்லாம் முடிந்து தாமதமாகக் கிளம்பியது. தெரியாமல் நடந்த தவறு என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. திறந்தவர் மக்களவை உறுப்பினர்.