கோப்பில் இருக்கும் அந்த விவசாயியை அனுப்பி வையுங்கள்

அனுப்புநர்:
நாலு ஏக்கர் மானாவாரிக்காரன்,
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்:
மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியமும் பதிவுக் குழுவும்,
ஃபரீதாபாத், ஹரியானா.

பொருள்: முன்மாதிரி விவசாயி ஒருவரை ஒரு பருவத்துக்கு இரவல் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயாமார்களே, அம்மாமார்களே,

ஒவ்வொரு மருந்து டப்பாவோடும் பல மடிப்பாக மடித்த ஒரு துண்டுச்சீட்டு வருகிறது. அதில் தமிழும் இருக்கிறது. பேத்தியின் பூதக்கண்ணாடியை வாங்கித்தான் படிக்க முடிந்தது. படித்து முடித்ததும் உங்கள்மீது பெரும் மரியாதை வந்துவிட்டது. அந்தச் சீட்டுக்குள் ஒரு விவசாயி வாழ்கிறார்.

அவர் டப்பாவைத் திறக்கும் முன்பே சீட்டைப் படித்துவிடுகிறார். ரப்பர் கையுறை, பூட்ஸ், கண்ணாடி, முகமூடி, மேலங்கி எல்லாம் மாட்டிக்கொண்டுதான் மருந்தைக் கலக்குகிறார். காற்றுக்கு எதிரே நின்று அடிப்பதில்லை. நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதுவதில்லை. பீடியோ வெற்றிலையோ டீயோ, வேலை முடியும்வரை தொடமாட்டார். முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியைத் தனியாகத் துவைக்கிறார். காலி டப்பாவை உடைத்து ஊருக்கு ஒதுக்குப்புறமாகப் புதைக்கிறார். அடித்த செடியில் குறித்த நாள் கழியும்வரை காய் பறிக்கமாட்டார். சந்தையில் கத்தரிக்காய் விலை ஏறிக்கொண்டே போனாலும் பறிக்கமாட்டார்.

வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர் என்று சுற்று வட்டாரம் முழுக்க விசாரித்துவிட்டேன். அப்படி ஒருவரை யாரும் கண்டதில்லை. பெண் கொடுக்கலாம் என்று இரண்டு பேர் ஆர்வமாக முகவரி கேட்டார்கள். கோப்பில் இருக்கும் அவரை எங்கள் ஊருக்கு ஒரே ஒரு பருவம் அனுப்பி வைத்தால், எப்படி அடிப்பது என்று பார்த்துக் கற்றுக்கொள்வோம்.

வருகிறவருக்கு எங்கள் ஊர் நிலவரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் நாங்கள் மருந்து அடிப்பது பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசியில். புரட்டாசி வெயில் பொன் உருகக் காயும் என்பார்கள். அந்த வெயிலில் நீங்கள் சொன்ன ரப்பர் அங்கியைப் போட்டு, முதுகில் டேங்கையும் தூக்கிக்கொண்டு அரை ஏக்கர் நடந்தால், புழு சாவதற்கு முன் ஆள் மயங்கிவிடுவார். அதனால் எங்கள் ஆட்கள் கைலியை மடித்துக் கட்டி, மூக்கில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். அந்தத் துண்டு கொஞ்ச நேரத்தில் மருந்தில் நனைந்துவிடும். அதற்குப் பிறகு மூச்சுவிடுவது மருந்தின் வழியாகத்தான். 2018-இல் படைப்புழு வந்த பிறகு மக்காச்சோளத்துக்கும் குருத்துக் குருத்தாக அடிக்க வேண்டியதாகிவிட்டது. ஆளை மறைக்கும் பயிருக்குள் புகுந்து தலைக்கு மேலே அடித்தால் அது யார் தலையில் இறங்கும் என்று சீட்டில் போடவில்லை. இடம் போதவில்லை போலும்.

அளவு விஷயத்திலும் எங்களிடம் குறை உண்டு. நீங்கள் மில்லிலிட்டரில் எழுதுகிறீர்கள். எங்களிடம் இருப்பது டப்பாவின் மூடி. டேங்குக்கு இத்தனை மூடி என்று கடைக்காரத் தம்பி சொல்வார். புழு கேட்கவில்லை என்று திரும்பிப் போனால், "ரெண்டு மூடி கூடப் போடுங்கண்ணே, கூடவே இதையும் கலந்து அடிங்க" என்று இன்னொரு டப்பாவை எடுத்து வைப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. விதையும் உரமும் அவரிடம்தான் கடன். வேளாண் அலுவலரை நாங்கள் பார்ப்பதைவிட அவரைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

டப்பாவில் நீங்கள் போடச் சொல்லியிருக்கும் வண்ண முக்கோணங்களையும் அவர்தான் எங்களுக்கு விளக்கினார். கொடிய நஞ்சுக்குச் சிவப்பு, அதற்கு மண்டையோடும் உண்டு. அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. அவர் விளக்கம் இன்னும் சுருக்கம்: "சிவப்புன்னா கேக்கும்ணே. பச்சையெல்லாம் வேலைக்காகாது." அபாய அறிவிப்பாக நீங்கள் வரைந்த படம் எங்கள் கடைத்தெருவில் தரச்சான்றாக விற்பனையாகிறது. விளம்பரத்துக்குச் செலவில்லாமல் கம்பெனிக்காரர்களுக்கு நீங்கள் செய்த இந்த உதவியை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மருந்து வேலை செய்யும் விதத்தையும் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நரம்பு ஒரு சேதியை அனுப்பி முடித்ததும் அதைத் துடைத்துப் போட உடம்பில் ஒரு நொதி உண்டாம். மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ் வகையறாக்கள் அந்த நொதியைக் கட்டிப்போடுகின்றன. சேதி நிற்காமல் ஓடும். எச்சில் வழியும், கண்மணி சுருங்கும், வாந்தி, கிறுகிறுப்பு, கடைசியில் மூச்சுத் தசை நின்றுவிடும். புழுவிடம் இருக்கும் அதே நொதி மாட்டிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. மருந்து அடித்த அன்று ராத்திரி சோறு இறங்காமல் திண்ணையில் படுத்துக்கிடப்பவனிடம் "மோர் குடி, சரியாப்போகும்" என்று ஊரே சொல்கிறது. மறுநாள் அவன் எழுந்துவிட்டால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. மருந்து அடித்த காட்டில் களையெடுக்கும் பெண்களுக்கும், வரப்பு மரத்தடித் தூளியில் தூங்கும் குழந்தைக்கும் கணக்கு கிடையவே கிடையாது. அவர்கள் மருந்து அடிக்கவில்லை அல்லவா? சீட்டு அவர்களுக்கு எழுதப்பட்டதும் அல்ல.

உங்கள் ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: பரிந்துரைத்தபடி பயன்படுத்தினால் ஆபத்தில்லை என்று பதிவு கொடுத்துவிடுகிறீர்கள். ஆபத்து வந்தால், பரிந்துரைத்தபடி பயன்படுத்தவில்லை என்று பொருள். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்தி வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்தது. மருந்து அடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பாதுகாப்பு உடை அணியவில்லை என்று பழி செத்தவர்கள் பக்கம் போனது. உங்கள் கோப்பில் இருப்பவர் மட்டும் அன்றைக்கு யவத்மாலில் இருந்திருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார்.

காசர்கோட்டில் மருந்து மேலிருந்தே வந்தது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை, கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகள்மீது ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். தயாரித்தவர்களில் மத்திய அரசின் நிறுவனமும் உண்டு. தெளித்தது மாநில அரசின் கழகம். பதிவு உங்களுடையது. ஒரு டப்பாவைச் சுற்றி இத்தனை அரசாங்கம் நின்றதை நான் வேறெங்கும் கண்டதில்லை. வானிலிருந்து தெளிப்பதானால் 24 மணி நேரத்துக்கு முன் ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அறிவித்தால்? அந்த மலைகளில் மக்கள் குடிப்பது சுரங்க நீர். மலையைக் குடைந்து கிடைமட்டமாக வெட்டி, கசியும் தண்ணீரைப் பிடிப்பார்கள். கிணற்றுக்குத் தென்னோலை போட்டு மூடலாம். மலைக்கு எதைப் போட்டு மூடுவது? தன் நோயாளிகளிடம் கண்ட விபரீதங்களை டாக்டர் மோகன் குமார் எழுதினார். வேளாண் துறையிலேயே வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா 1998-இல் நீதிமன்றம் போனார். அதற்குப் பிறகும் கமிட்டிக்கு மேல் கமிட்டி உட்கார்ந்தது. நாடு முழுதுக்குமான தடை 2011 மே 13 அன்று வந்தது. உங்களிடமிருந்து அல்ல, உச்ச நீதிமன்றத்திலிருந்து. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் கொடு என்று கேரள அரசுக்கு 2017 ஜனவரியில் உத்தரவிட்டதும் அதே நீதிமன்றம்தான்.

உங்கள் வாரியம் பிறந்த கதையையும் இளைய அதிகாரிகளுக்காக ஞாபகப்படுத்திவிடுகிறேன். 1958-இல் ஒரே கப்பலில் கோதுமை மாவும் பாரத்தியான் மருந்தும் சேர்ந்து வந்தன. கேரளத்தில் அந்த மாவைத் தின்று 100-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். நீதிபதி ஷா விசாரித்தார். பத்து ஆண்டு கழித்து 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது, அதன்கீழ் நீங்கள் வந்தீர்கள். 2013-இல் பீகாரின் சரண் மாவட்டத்துப் பள்ளியில் சத்துணவு எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்து 23 குழந்தைகள் இறந்தபோது, சட்டத்துக்கு வயது 45. அந்த மருந்தைத் தடை செய்வது பற்றி யோசியுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சொல்லி அப்போது நாலு ஆண்டு ஆகியிருந்தது. நீங்களும் சும்மா இருந்துவிடவில்லை. 2005-லேயே அதைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று ஆணை வந்தாயிற்று. பருத்திக்கு அடிக்கலாம், கத்தரிக்கு அடிக்கக் கூடாது என்று இருந்தது. என் நாலு ஏக்கரில் இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வரப்பு.

2020 மே மாதம் 27 மருந்துகளைத் தடை செய்யப்போவதாக வரைவு வெளியானது. எங்கள் டீக்கடையில் அன்று உங்களைப் பாராட்டிப் பேசினோம். 2023 பிப்ரவரியில் அடுத்த வரைவு வந்தபோது 27 சுருங்கி 3 ஆகியிருந்தது. மிச்சம் 24 என்ன ஆயிற்று என்று உச்ச நீதிமன்றமே கேட்க வேண்டி வந்தது. அந்த ஆண்டிலேயே 36 சதவீத மோனோகுரோட்டோபாஸுக்கும் ஒருவழியாகத் தடை வந்தது. கையிருப்பை மட்டும் காலாவதித் தேதிவரை விற்றுக்கொள்ளலாம் என்ற சலுகையோடு. மக்களைக் கொல்கிறது என்று ஒப்புக்கொண்ட சரக்கைக் கெட்டுப்போகாமல் விற்றுத் தீர்க்கவேண்டும் என்ற இந்தச் சிக்கன புத்தியை வீட்டுப் பெண்களிடம்கூட நான் கண்டதில்லை.

மாநிலங்களுக்கு உங்கள் சட்டம் தந்திருக்கும் அதிகாரமும் ரசிக்கத்தக்கது. ஒரு மருந்து ஆபத்தானது என்று மாநில அரசு கருதினால் 60 நாள் தடை போடலாம். விசாரணை முடியாவிட்டால் இன்னும் 30 நாள். சபரிமலைக்கு மாலை போட்டாலே 41 நாள் விரதம். நஞ்சுக்கு அதைவிடப் பத்தொன்பது நாள் கூடக் கொடுத்திருக்கிறீர்கள். தமிழ்நாடு தற்கொலைகளைக் குறைப்பதற்காக 2023 தொடக்கத்தில் ஆறு மருந்துகளுக்கு 60 நாள் தடை போட்டது. அந்த நாள் கழிந்ததும் விரதம் முடிந்தது. பஞ்சாப் அரசு பல ஆண்டுகள் சில மருந்துகளுக்கு இப்படித் தடை போட்டது, பாசுமதி நெல்லுக்கு மட்டும். வெளிநாட்டுக்காரன் தட்டில் மருந்து இருந்தால் கப்பல் திரும்பி வந்துவிடும். நம் தட்டு எங்கே திரும்பிப்போகும்?

மருந்தைத் தடுத்தால் விளைச்சல் விழுந்துவிடும் என்பார்கள். கடல் தாண்டி இலங்கையைப் பாருங்கள். கொடிய வகை மருந்துகளை 1995-இலும் எண்டோசல்பானை 1998-இலும் அங்கே நிறுத்தினார்கள். 2005-க்குள் அந்த நாட்டின் தற்கொலை விகிதம் பாதியானது. நெல் விளைச்சல் விழவில்லை என்று பிறகு ஆய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் அச்சில் இருக்கிறது. ஃபரீதாபாத்துக்குத் தபால் போகும் தூரம்தான்.

தேனீ, பொறிவண்டு, தவளை, வாய்க்காலில் கிடந்த அயிரை, மருந்து தடவிய விதையைக் கொத்திச் சாகும் மயில் என்று நிறைய எழுதலாம். அவை மனுப்போடாதவை, விட்டுவிடுகிறேன். வெள்ளை ஈயும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் நலம். அவற்றைத் தின்னும் பூச்சிகள்தாம் முதலில் சாகின்றன. ஒவ்வொரு மருந்துக்கும் பழகிக்கொண்டு அந்த ஈயும் புழுவும் அடுத்த மருந்துக்குக் காத்திருக்கின்றன, நாங்களும் கடைக்குப் போகிறோம்.

கேட்ட விவசாயியை அனுப்ப முடியாவிட்டால் வேறு சில கோரிக்கைகள் இருக்கின்றன. வெயிலில் கைலியோடு நிற்பவன் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்துப் பதிவு கொடுங்கள். அவனுக்கு ஆகாததைப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். 2020 வரைவில் இருந்த 27-ஐத் திரும்ப எடுத்துப் படியுங்கள். 60 நாள் என்ற வரம்பை நீக்கி, மாநிலம் தடுத்தால் தடுத்ததாக இருக்க வழி செய்யுங்கள். பழைய சட்டத்தை மாற்ற 2008-இல் ஒரு மசோதா, 2020-இல் இன்னொரு மசோதா வந்தன, இரண்டும் சட்டமாகவில்லை; அடுத்ததாவது ஆகட்டும். விற்பவர்கள் முறிமருந்தை இருப்பு வைக்க வேண்டும் என்று உங்கள் விதியே சொல்கிறது. எங்கள் ஊர்க் கடைகளில் ஒன்றிலாவது அட்ரோபின் இருக்கிறதா என்று யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசிக்குள் வந்தால் நல்லது. அதற்குப் பிறகு வந்தால் அந்தப் பருவத்து மருந்தை அடித்து முடித்திருப்போம்.

இப்படிக்கு,
துண்டுச்சீட்டைப் படித்தவன்.

நகல்: மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திங்கட்கிழமை குறைதீர் கூட்டம்.