நான்காவது குவியல்

பொதுப் பூங்கா என்பது ஆவணங்களின்படி மாநகராட்சிக்கும், பழக்கத்தின்படி காலை நடைப்பயிற்சிக்காரர்களுக்கும், இரவு பத்து மணிக்கு மேல் நாய்களுக்கும் சொந்தமான நிலமாகும். இத்தகைய முக்கூட்டு உடைமையை, நுழைவுச்சீட்டு விற்று நடத்தப்படும் ஒரு பெரிய இன்னிசைக் கச்சேரிக்கு ஓரிரவு விடும்போது எவ்வளவு வாங்குவது என்பது உள்ளாட்சிப் பொருளியலின் தீராத வினாக்களுள் ஒன்று. வழக்கமான விடை தரைவாடகை. அதாவது, இடத்தின் பரப்பையும் நாள்களின் எண்ணிக்கையையும் மட்டும் பார்த்து முன்கூட்டியே விதிக்கப்படும் மாறாத தொகை. மேடையில் பாடுபவர் பக்கத்துத் தெரு மெல்லிசைக் குழுவினரா, விமானத்தில் வந்திறங்கிய நட்சத்திரமா என்பதைத் தரை அறியாது. ஆகவே வாடகையும் அறியாது.

தூத்துக்குடிக்கு இந்த அறியாமை பொருந்தாது. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் செறிந்து வாழும் கடலடித் திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். பொதுச்சொத்தாகிய இந்தப் பாரை விலைபேசுவதில், 1961இல் கடைசி முத்துக்குளிப்பு முடியும்வரை, இக்கரைக்கு நெடிய அனுபவம் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் குளிகாரர்கள் தாம் எடுத்த சிப்பிகளைக் ‘கோட்டு’ எனப்பட்ட அடைப்புக்குள் கொண்டுவந்து மூன்று குவியல்களாகப் பிரிப்பார்கள். அரசு இரண்டை எடுத்துக்கொண்டு ஒன்றை அவர்களுக்கு விடும். எந்தக் குவியல் யாருக்குப் போகும் என்பது பிரிப்பவருக்குத் தெரியாதாகையால், மூன்றும் தராசில் நிறுத்தவைபோல் சமமாக இருந்தன. அரசுப் பங்கு பின்னர் ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஏலம் போயிற்று. கடலுக்கடியில் மூச்சை அடக்கியவருக்கு ஒரு பங்கு, கரையில் நின்று ஆவலை அடக்கியவருக்கு இரண்டு பங்கு என்பது நீதியா என்று கேட்கலாம்; ஆனால், விளைச்சல் பெருகினால் பொதுக்கருவூலத்தின் பங்கும் பெருக வேண்டும் என்ற கொள்கையில் குறைகாண இயலாது.

அதற்கு முன், டச்சுக்காரர் காலத்தில், குளிகாரர் விரைந்து மூழ்குவதற்காகக் கயிற்றில் கட்டி இறக்கிய கல்லே வரியின் அலகாக இருந்தது. ஒரு கல் என்றால் ஒருவர் குளிப்பதற்கான உரிமம் என்று பொருள். வரி உண்டான இடத்தில் விலக்கும் உண்டாவது இயற்கையாதலால், வரியில்லாக் கற்களும் இருந்தன. மதுரை நாயக்கருக்கு அவ்வாறு 96½ கல் ஒதுக்கப்பட்டதாகக் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் காணப்படுகிறது. அந்த அரைக் கல்லைப் பிடித்துக்கொண்டு மூழ்கியவர் கடலின் பாதி ஆழத்தோடு திரும்பிவிட்டாரா என்பது ஆய்வுக்குரியது. எனினும், இன்றைய கச்சேரிகளில் ‘பாஸ்’ என்று வழங்கப்படும் இலவச அனுமதிச்சீட்டு அந்த வரியில்லாக் கல்லின் நேர்வாரிசு என்பதில் ஐயமில்லை. முன்வரிசை நிறைவதும் கல்லா நிறையாததும் ஒரே காரணத்தால்தான்.

பங்கு என்னும் பழைய கொள்கை சட்டத்தில் அடியோடு மறக்கப்படவில்லை. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோதும், கேளிக்கை வரியை, அதாவது நுழைவுச்சீட்டின் விலையில் ஒரு விழுக்காட்டை, உள்ளாட்சிகள் வசூலிக்கத் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2024 டிசம்பரில் வந்த திருத்தம் இசைநிகழ்ச்சிகளையும் அதன் வலைக்குள் கொண்டுவந்தது. பேசப்பட்ட விகிதம் 10 விழுக்காடு. மூன்றில் இரண்டு பங்கு பத்தில் ஒன்றாகச் சுருங்கியதைக் குளிகாரர்களின் ஆவி கேட்டால், பிறந்த காலம் பிழை என்று வருந்தும். இதற்கிடையே உள்ளாட்சிகளுக்குக் கட்டணம் விதிக்கவே தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. அதே ஆண்டு அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆட வரும் ஒவ்வொருவரிடமும் மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானித்து, எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்கியது. மேடைக்கு இளகும் கை பந்துக்கு இறுகுவது ஏன் என்பதற்கு, பந்தாடும் சிறுவன் யாருக்கும் பாஸ் தருவதில்லை என்பதே எளிய விளக்கமாகலாம்.

வாங்கிய பணம் எங்கே போகிறது என்பது அடுத்த வினா. லண்டனின் ஃபின்ஸ்பரி பூங்காவில் நடந்த பெருங்கச்சேரிகள் குறித்த வழக்கில், பூங்காவால் வரும் வருவாய் பூங்காவுக்கே செலவிடப்பட வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் தெளிவுபடுத்தியது. நுழைவுச்சீட்டே இல்லாத நிகழ்ச்சிகளின் கணக்கு வேறு: 2007இல் பூங்காக்களில் பறையும் தவிலும் முழங்கிய சென்னை சங்கமத்துக்கும், 2022இல் தூத்துக்குடியில் நடந்த நெய்தல் கலை விழாவுக்கும் பங்கு கேட்க வேண்டியதில்லை, அங்கே குவியல் முழுவதும் மக்களிடமே போய்விடுகிறது.

சீட்டு விற்ற கச்சேரியொன்று தூத்துக்குடி ரோச் பூங்காவில் நடந்து முடிந்ததாக வைத்துக்கொண்டால், மறுநாள் காலைக் காட்சியை ஊகிப்பது கடினமன்று. ஒலிபெருக்கி ஏற்றிவந்த லாரியின் சக்கரத்தடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். மேடையிலிருந்து தூவிய ஜிகினாத்தாள் புல்லின் வேரோடு ஒட்டிக்கொண்டு விளக்குமாற்றுக்கு வராததால், தூய்மைப் பணியாளர் குந்தி அமர்ந்து அதை நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துக்கொண்டிருப்பார். “அண்ணாச்சி, ராத்திரி பாட்டு கேட்டியளா?” என்று அவர் வினவ, சுண்டல் வண்டிக்காரர், “பாட்டு எங்க கேட்டுச்சு? நெஞ்சுதான் அதிர்ந்துச்சு” என்பார்.

ஆகவே கோட்டு முறையை மீட்டெடுத்து, அமைப்பாளரே வரவை மூன்றாகப் பிரிக்க, மாநகராட்சி இரண்டை எடுக்கலாம் என்று பரிந்துரைக்கத் தோன்றும். ஆனால், சிப்பியைப் போல் வரவு கண்ணுக்குத் தெரிவதில்லை. அமைப்பாளர் பிரித்துவைக்கும் மூன்று குவியல்களும் முறையே செலவுச்சீட்டுகள், கடன்பாக்கிகள், பொன்னாடைகள் என்று அமையக்கூடும். அவற்றுள் எந்த இரண்டை எடுப்பது என்று அதிகாரிகள் கூடி ஆராய்வார்கள். புல்தரையில் கிடக்கும் நான்காவது குவியலைப் பற்றி மட்டும் அந்தக் கூட்டத்தில் கருத்து வேறுபாடு எழாது; அது முழுவதும், பாஸ் எதுவும் கழிக்காமல், மாநகராட்சிக்கே உரியது.